பிள்ளைகளோடு ஒரு தீ ஒத்திகை: எங்கிருந்து தொடங்குவது?

இரவு கடைசியாக வாசல் கிரில் கேட்டைப் பூட்டுகிறவர் சாவியை எங்கே வைக்கிறார் என்று உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? சில வீடுகளில் அது தாத்தாவின் தலையணைக்கு அடியில் இருக்கும். சில வீடுகளில் பீரோ மேலே, இல்லையென்றால் அப்பா கழற்றிப் போட்ட சட்டைப் பையில். திருடனுக்குப் பயந்து கிரில், இரட்டைத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி என்று எல்லாம் போட்டுவிட்டோம். நடு ராத்திரியில் புகை சூழ்ந்தால் அவை உள்ளே இருப்பவரைத்தான் தடுக்கும். அதனால் தீப் பாதுகாப்பு பற்றி யார் கேட்டாலும் நான் அடுப்பில் தொடங்குவதில்லை, சாவியில்தான் தொடங்குவேன்.

இன்றைக்கே செய்யக்கூடிய முதல் வேலை அதுதான். வாசல் கதவுக்குப் பக்கத்தில், உள்பக்கமாக, வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத இடத்தில் ஓர் ஆணி அடியுங்கள். சாவி இரவில் அதில்தான் தொங்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரம் போதும். பிறகு அந்தப் பிள்ளையையே கூப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பல பூட்டுகள் பெரியவர்களுக்கே இழுத்துப் பிடித்துத் திருகினால்தான் திறக்கும். அப்படியென்றால் பூட்டை மாற்றுங்கள், அல்லது இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

வரைபடம் போடுவது

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை மதிய வேலை. ஒரு தாளை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டை வரையச் சொல்லுங்கள். ஹால், சமையலறை, படுக்கையறை, கதவு, ஜன்னல் எல்லாம் வர வேண்டும். கோணல்மாணலாக இருந்தால் இருக்கட்டும். ஒவ்வோர் அறையிலிருந்தும் வெளியே போக இரண்டு வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதல் வழி எப்போதும் கதவுதான். இரண்டாவது வழி என்று தேடும்போதுதான் வீட்டின் நிஜ நிலை தெரியும். கொல்லைக் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டை இருக்கும். பால்கனிக் கதவை மறைத்து வாஷிங் மெஷின் நிற்கும். எல்லா ஜன்னலிலும் கம்பி இருக்கும்.

கம்பியைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் படுக்கையறை ஜன்னல்களில் ஒன்றிலாவது உள்ளேயிருந்து தாழ் நீக்கித் திறக்கிற கிரில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கிரில் பட்டறையில் கீல் வைத்துச் செய்து தருவார்கள். செலவு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கலாம். முடியாவிட்டால் அந்த அறையிலிருந்து வெளியேற முடியாதபோது என்ன செய்வது என்று பழக வேண்டும். கதவைச் சாத்தி, இடுக்கில் துணியை அடைத்து, ஜன்னலைத் திறந்து, வெளிச்சமான துணி எதையாவது ஆட்டிக்கொண்டு கத்த வேண்டும். சாத்திய மரக்கதவு புகையையும் சூட்டையும் கொஞ்ச நேரமாவது தள்ளி வைக்கும். இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதும் அதே காரணத்தால் நல்லது.

வரைபடத்தில் கடைசியாக வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தைக் குறியுங்கள். எதிர்வீட்டு வாசல், தெருமுனைப் பெட்டிக்கடை, அபார்ட்மென்ட் என்றால் செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் உள்ள மரம், இப்படி அசையாத ஏதோ ஒன்று. எல்லாரும் அங்கே வந்து சேர வேண்டும். ஏன் ஒரே இடம் என்றால், அப்பா ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமும் வெளியே வந்துவிட்டு, ஒருவரை ஒருவர் காணாமல் திரும்ப உள்ளே ஓடுவதுதான் கொடுமை. வெளியே வந்தபின் எதற்காகவும் உள்ளே போகக் கூடாது. செல்போன், ஸ்கூல் பை, நாய்க்குட்டி எதுவானாலும் சரி. நாய்க்குட்டியைப் பற்றிப் பிள்ளை கட்டாயம் கேட்கும். தீயணைப்பு மாமாக்களிடம் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லுங்கள்.

ஒத்திகை

வரைந்ததோடு விட்டால் பிரயோஜனம் இல்லை, நடந்து பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகளின் இயல்பு ஒன்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பயந்தால் அவர்கள் ஓடுவதில்லை, ஒளிந்துகொள்வார்கள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பாத்ரூமுக்குள். தீப்பெட்டியோடு விளையாடித் தாங்களே பற்றவைத்துவிட்ட குழந்தை, அடி விழுமே என்ற பயத்தில் இன்னும் ஆழமாக ஒளியும். "நீ என்ன செஞ்சிருந்தாலும் அடிக்க மாட்டேன், தீயைப் பார்த்தா கத்திக்கிட்டே வெளியே ஓடி வந்துடு" என்பதைப் பலமுறை, சாதாரண நாட்களில், சாதாரணக் குரலில் சொல்லி வைக்க வேண்டும். மற்ற எதையும் விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

முதல் ஒத்திகையைப் பகலில் வையுங்கள். எல்லாரும் அவரவர் படுக்கும் இடத்தில் படுத்துக்கொள்ளட்டும். ஒருவர் "தீ! தீ!" என்று கத்த வேண்டும். விசிலும் ஊதலாம். உடனே எழுந்து, கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பார்க்கப் பழக்குங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு சட்டென்று தெரியும், சுட்டுக்கொண்டாலும் உள்ளங்கை மிச்சமாகும். கதவு சுட்டால் திறக்கக் கூடாது, இரண்டாவது வழிக்குப் போக வேண்டும். சுடவில்லை என்றால் கொஞ்சமாகத் திறந்து பார்த்துவிட்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து வாசலுக்கு வர வேண்டும்.

தவழ்வது ஏன் என்று பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லுங்கள். சூடான புகை மேலே போய்க் கூரையில் தேங்கி, அங்கிருந்து கீழே இறங்கி வரும். தரையை ஒட்டி ஓரிரு அடி உயரத்துக்குத்தான் மூச்சுவிடும்படியான காற்று கடைசிவரை மிஞ்சியிருக்கும். வீட்டுத் தீயில் சாகிறவர்களில் பெரும்பாலோரை முதலில் வீழ்த்துவது புகைதான். அதில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் புகை நாற்றத்தில் விழித்துக்கொள்வார் என்று நம்புவதற்கும் இல்லை. மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கரித்தூளை அது கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்ஸைடைத் தடுக்காது. துணியை நனைக்கப் பாத்ரூமுக்குப் போகிற நேரத்தில் வெளியே போய்விடலாம்.

ஹாலின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொருவர் பழைய வேட்டியையோ போர்வையையோ இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, அதுதான் புகை என்று சொல்லிக் கீழே தவழ்ந்து போகச் சொன்னால், நாலு வயதுக் குழந்தைகூடச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளும். துணியில் தலை பட்டால் அவுட்.

இரண்டாம் ஒத்திகையை இரவில், விளக்கை அணைத்துவிட்டு வையுங்கள். பாட்டியை யார் கூட்டிவருவது, கைக்குழந்தையை யார் தூக்குவது என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "யாராவது பாத்துக்குவாங்க" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். மூட்டுவலியால் மாடி ஏறி இறங்க முடியாத பெரியவர்கள் மாடியில் படுக்கக் கூடாது. அபார்ட்மென்டில் லிஃப்ட் பக்கம் போகவே கூடாது, மாடிப்படிதான். அந்தப் படியில் செருப்பு ஸ்டாண்டும் பழைய சைக்கிளும் கிடந்தால் அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை போடுங்கள், தப்பே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை போதும்.

புகை அலாரம் நம் வீடுகளில் அரிது. பேட்டரியில் ஓடுகிற வகை கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. படுக்கையறைக்கு வெளியே கூரையில் மாட்டலாம். தாளிக்கும்போதெல்லாம் கத்தும் என்பதால் சமையலறைக்குள் வேண்டாம். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பாருங்கள். சின்னக் குழந்தைகள் அலாரம் சத்தத்திலும் தூங்கிக்கொண்டே இருப்பார்கள், அவர்களை எழுப்புவதும் யாராவது ஒருவர் பொறுப்பு.

போனில் பேசுவது

எண்கள் மூன்று. தீயணைப்பு நிலையத்துக்கு 101, எல்லா அவசரத்துக்கும் பொதுவாக 112, ஆம்புலன்ஸுக்கு 108. குழந்தைக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவிருக்கும் என்றால் 112 போதும். அப்பாவின் போன் பூட்டியிருந்தாலும் அவசர அழைப்பு என்ற இடத்தை அழுத்தி இந்த எண்ணுக்குப் பேசலாம் என்பதை அந்தப் போனிலேயே காட்டுங்கள். கடைசிப் பட்டனை மட்டும் அழுத்தாமல் பழக்குங்கள். வெளியே வந்த பிறகுதான் போன்.

என்ன பேச வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். "எங்க வீட்ல தீப்பிடிச்சிருக்கு. உறையூர்ல, ரேஷன் கடைக்கு எதிர்த் தெரு, மூணாவது வீடு. பாட்டி உள்ள இருக்காங்க." கதவு எண்ணைவிட அடையாளம்தான் வண்டிக்கு வழிகாட்டும். எதிர்முனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் தெருமுனைக்குப் போய் நின்று வண்டிக்கு வழி காட்ட வேண்டும். சந்துக்குள் நிற்கும் பைக்குகளையும் நகர்த்தி வைக்கலாம்.

உடையில் பற்றினால்

ஓடக் கூடாது. ஓடினால் காற்று பட்டுத் தீ கூடும். நில், படு, உருள். மூன்றே சொல், இதைப் பாயில் விளையாட்டாகப் பழக்கலாம். படுக்கும்போது இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கம்பளியையோ கனத்த பருத்திப் போர்வையையோ சுற்றி அணைக்கலாம், தண்ணீரும் ஊற்றலாம். நைலான், பாலியஸ்டர் போர்வை வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும். இதே காரணத்துக்காகத்தான் அடுப்படியில் நைலக்ஸ் சேலையும் பாலியஸ்டர் நைட்டியும் ஆகாது. முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்வது பாட்டிமார் பழக்கம், அதை விட்டுவிட வேண்டாம்.

கேஸ்

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எல்பிஜி திரவமாக அடைபட்டிருக்கிறது. அதற்குச் சொந்தமாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அழுகிய நாற்றமடிக்கும் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில் பரவித் தாழ்வான மூலைகளில் தேங்கும்.

இங்கே பிள்ளைகள் குழம்பக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. புகை என்றால் தவழ வேண்டும். கேஸ் நாற்றம் என்றால் தவழக் கூடாது, நிமிர்ந்து நடந்து வெளியே போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

கேஸ் வாடை வந்தால் குழந்தையின் வேலை இரண்டே இரண்டு: எந்த சுவிட்சையும் தொடாமல் பெரியவரைக் கூப்பிடுவது, வெளியே போவது. பெரியவர் அடுப்பின் திருகியையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எரிகிற சாமி விளக்கையும் ஊதுவத்தியையும் அணைக்க வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றி, நூலில் தொங்கும் பாதுகாப்பு மூடியைச் சிலிண்டர் வாயில் அழுத்திப் போடலாம். விளக்கு, ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைக்கும்போதும் சுவிட்சுக்குள் சின்னப் பொறி பறக்கும். ஃபிரிட்ஜ் தானாகவே ஓடி நிற்கிற சாதனம், நீங்கள் தொடாவிட்டாலும் அதில் பொறி வரலாம். அதனால் நாற்றம் பலமாக இருந்தால் எதற்கும் நிற்காமல் வெளியேறிவிடுங்கள். வெளியே போய் 1906-க்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது, இரவு பகல் எந்நேரமும் இயங்கும்.

சிலிண்டர் வந்திறங்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பிடியைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் பெயிண்டில் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. சி 28 என்று இருந்தால், அந்தச் சிலிண்டரை 2028 செப்டம்பருக்குள் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டியதை வாங்காதீர்கள். பிள்ளைகளுக்கு இந்த ரகசிய எழுத்தைப் படிப்பது பிடிக்கும், அடுத்த முறை அவர்களே ஓடிவந்து பார்ப்பார்கள். மூடியைக் கழற்றியதும் வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரை மாட்டிய பிறகு சோப்பு நுரையை இணைப்பில் தடவுங்கள். கசிந்தால் குமிழ் விடும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை அடுப்படிக்குள் விடாதீர்கள்.

ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், காலாவதி ஆண்டு அதன்மேலேயே அச்சாகியிருக்கும். ட்யூபைத் துணி சுற்றி அழகுபடுத்தினால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ராத்திரி ரெகுலேட்டரை மூடுவது வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை.

எண்ணெய்ச் சட்டி

பூரி போட வைத்த எண்ணெய் புகைய ஆரம்பித்தாலே தீயைக் குறைக்க வேண்டும். பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைவிடப் பெரிய தட்டையோ தாம்பாளத்தையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடிவிட்டு, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடக் கூடாது. தண்ணீர் கூடவே கூடாது. எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் கணத்தில் ஆவியாகிச் சுமார் 1,700 மடங்கு பெருகும், எரிகிற எண்ணெயைக் கூரைவரை வீசும். மாவு அள்ளிப் போடுவதும் ஆபத்து, மாவும் எரியும். மூட முடியாத அளவுக்குத் தீ பெரிதாகிவிட்டால் வெளியே போய் 101.

மற்ற எதைவிடவும் பயனுள்ளது, தாளிக்கும்போது அடுப்பை விட்டு நகராமல் இருப்பது. சீரியலில் கண்ணை வைத்துக்கொண்டு எண்ணெய் காய வைக்க வேண்டாம். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்கு ஒரு கோடு, சாக்பீஸில் போட்டாலும் சரி. சின்னப் பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது. தீப்பெட்டியும் லைட்டரும் மேல் அலமாரியில் இருக்க வேண்டும்.

கரண்டு

சின்னக் கணக்கு ஒன்று போதும், ஆறாம் வகுப்புப் பிள்ளையே போடும். 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்குவது 6 பெருக்கல் 230, அதாவது 1,380 வாட். இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட், பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பி 1,500 வாட். இவற்றைச் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ சொருகினால் ஒயர் உள்ளுக்குள் காய்ந்துகொண்டே இருக்கும். 16 ஆம்பியர் பாயின்ட்தான் இவற்றுக்கு. லோடு கூடினால் தானாகக் கரண்டை நிறுத்தும் சுவிட்சான எம்சிபி அடிக்கடி விழுந்தால் பெரிய எம்சிபி மாட்டச் சொல்லாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்டில் பற்றினால் முதலில் மெயினை அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

மின்சார ஸ்கூட்டரை வாசல் வழியில் நிறுத்தி இரவு முழுக்க சார்ஜ் போடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். வெளியே போகிற வழியில் எது நின்று எரிந்தாலும் வழி போய்விடும்.

விளக்கு, வத்தி, பட்டாசு

கார்த்திகை அகலைத் திரைச்சீலைக்கும் தொங்கும் காலண்டருக்கும் கீழே வைக்காமல் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கொசுவத்திக்கு அடியில் எவர்சில்வர் தட்டு வையுங்கள், மெத்தையிலிருந்து தள்ளி இருக்கட்டும். தீபாவளிக்குப் பருத்தி உடை, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். எரிந்த கம்பி மத்தாப்பை வாளியில் போடப் பழக்குங்கள், தரையில் கிடக்கும் சூட்டுக் கம்பியை மிதித்துக் கால் வெந்த குழந்தைகள் நிறைய. மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை இருந்தால் பண்டிகைக்கு முன் பிரித்துவிடுவது நல்லது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தது, சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் தாவியதால்தான்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்தார் பள்ளிகளிலும் பொது இடங்களிலும் செய்து காட்டுவார்கள். பிள்ளையைக் கூட்டிப்போங்கள். இன்னொரு லாபமும் உண்டு. முகமூடியும் தலைக்கவசமும் போட்ட ஆளைப் புகைக்குள் முதன்முறை பார்க்கிற குழந்தை பயந்து ஒளிந்துகொள்ளும். முன்பே பார்த்துக் கைகுலுக்கியிருந்தால் கூப்பிட்ட குரலுக்கு வரும்.

சுட்டுக்கொண்டால்

குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் போதும் என்று தோன்றும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள், தோசை மாவு, எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். சூடு உள்ளேயே தங்கும், கிருமி சேரும், டாக்டர் அதையெல்லாம் துடைத்து எடுக்கும்போது குழந்தை இரண்டாம் முறை துடிக்கும். வீங்குவதற்குள் வளையல், மோதிரம், அரைஞாண் கயிறு, கொலுசைக் கழற்றுங்கள். ஒட்டிப்போன துணியைப் பிய்க்காதீர்கள். கைக்குழந்தை என்றால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர் காட்டி, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி, முகம், கை, பிறப்புறுப்பு அல்லது குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிய இடம் வெந்திருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புகையைச் சுவாசித்த குழந்தை காயம் இல்லாமல் நன்றாக விளையாடினாலும் காட்டத்தான் வேண்டும். எதனால் சுட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் காட்டினீர்கள் என்று அங்கே கேட்பார்கள்.